கடற்பசுவும் அதன் மேய்ச்சல் நிலமும்

வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும், அவர்கள் நடத்திய போர்களும், கட்டிய கோயில்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஓர் உயிரினத்துக்கும் வரலாறு உண்டு. அவ்வுயிர் தின்னும் புல்லுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய வரலாறு ஒன்றையே இன்று, சிறப்பாக இளம் நேயர்களுக்காக, எடுத்துச் சொல்ல விழைகிறேன். இவ்வரலாறு நிகழ்ந்த இடம் தொலைவில் இல்லை. கோடியக்கரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வளைந்து கிடக்கும் பாக் விரிகுடாவும், அதற்குத் தெற்கே விரியும் மன்னார் வளைகுடாவுமே அவ்விடம்.

கடலில் வாழ்வன யாவும் மீன்கள் அல்ல. குட்டி ஈன்று பாலூட்டி, நீருக்கு மேல் வந்து மூச்சுவிட்டு வாழும் விலங்குகளும் நம் கடலில் உள்ளன. ஓங்கில் அவற்றுள் ஒன்று; திமிங்கிலம் மற்றொன்று; கடற்பசு மூன்றாவது. முதல் இரண்டும் மீன் முதலிய உயிர்களைத் தின்பவை. கடற்பசுவோ பெயருக்கேற்பப் புல் மேய்வது. இராமநாதபுரம் கரையோர மக்கள் இதனை ஆவுளியா என்று வழங்குவர்.

வளர்ந்த கடற்பசு ஏறத்தாழ 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் உடையது. அதன் முகவாய் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கடலடியில் மேய்வதற்கு அஃது ஏற்ற அமைப்பு. முன்கால்கள் துடுப்புகளாகவும், வால் திமிங்கிலத்தின் வால்போலப் பிளவுபட்டும் இருக்கும். ஆண் விலங்குக்குச் சிறு தந்தங்கள் உண்டு. தாயின் பால்மடி முன்துடுப்புகளின் அடியில், மார்பை ஒட்டி அமைந்துள்ளது. இவ்விரு செய்திகளையும் கேட்ட மாணவனுக்கு யானையின் நினைவு வருமாயின் அவன் கூர்மதி படைத்தவனே. பெயரால் பசுவாயினும், உறவால் கடற்பசு யானைக்கே நெருங்கியது என்பது உயிர்நூலார் கண்ட முடிவு.

இனி அதன் உணவைக் காண்போம். கடலுக்குள் வளரும் பசுமையெல்லாம் பாசி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பாசிக்கு உண்மையான வேர் இல்லை, பூ இல்லை, விதையும் இல்லை. கடற்புல்லுக்கோ இவை யாவும் உண்டு. நம் வாய்க்கால் வரப்பில் அறுகம்புல் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தண்டு மண்ணை ஒட்டி ஓடும். கணுவுக்குக் கணு வேர் இறங்கும். மேலே இலை எழும். கடற்புல்லும் அவ்வாறே கடலடி மணலில் ஓடிப் படர்கிறது. மீனவர் இதனைக் கடல் தாழை என்பர். உலகில் இவ்வினத்தில் ஏறத்தாழ 70 வகைகளே உள்ளன. அவற்றுள் பத்துக்கும் மேற்பட்டவை நம் கரையில் வளர்கின்றன. ஒன்றின் இலை ஊசிபோல் உருண்டு நீண்டது. ஒன்றின் இலை சிறு முட்டை வடிவினது. ஒன்றின் இலை நாடாபோல ஒரு மீட்டருக்கு மேலும் நீள்வது. பெரும்பாலான வகைகளின் மகரந்தம் நூலிழைபோல நீரிலேயே மிதந்து சென்று பெண் பூவைச் சேர்கிறது. வண்டும் காற்றும் செய்யும் தொழிலை இங்கே நீரோட்டம் செய்கிறது.

இப்புல்லுக்கும் கடற்பசுவுக்கும் வியப்பூட்டும் ஓர் ஒற்றுமை உண்டு. கடற்பசுவின் முன்னோர் நிலத்தில் நடந்த நாற்கால் விலங்குகள். கடற்புல்லின் முன்னோரும் பண்டைக் காலத்தில் நிலத்தில் பூத்த செடிகளே. புல் முன்னே கடலுக்குக் குடியேறியது; பல கோடி ஆண்டுகள் கழித்து விலங்கு பின்னே சென்றது. எனவே, மேய்ச்சல் நிலமும் மேயும் உயிரும் நிலத்தைத் துறந்து கடலில் ஒன்றுசேர்ந்தவை எனலாம். இன்றும் ஒன்றின் வாழ்வு மற்றொன்றைப் பற்றியே நிற்கிறது. ஒரு கடற்பசு நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை புல் தின்கிறது. வேரோடு பறித்து மேய்வதால், அது சென்ற வழியெல்லாம் கடலடியில் உழுசால் போன்ற தடம் விழும்.

கரையிலும் இத்தகைய காவற் செடிகள் உள்ளன. ஆட்டின் குளம்புபோல் பிளந்த இலையுடன் மணலில் கொடியோடி, ஊதா நிறத்தில் பூப்பது அடும்பு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் கூறும் மலர்களுள் இதுவும் ஒன்று. முள்போன்ற இலைகளுடன் மணல்மேட்டில் பரவுவது இராவணன் மீசை. வேலியாக நின்று மணப்பது தாழை. இவை மேட்டு மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. கடல் தாழை கடலடி மணலைப் பிடித்து நிறுத்துகிறது. பாக் விரிகுடாவில் பெரும்பகுதி 13 மீட்டருக்கு மேல் ஆழமில்லாதது. ஆதலின் கதிரவன் ஒளி அடிவரை சென்று புல்லை வளர்க்கிறது. சேறு கலங்கி ஒளி தடைப்பட்டால் புல் வாடும். புல் வாடினால் மணல் பெயரும். மணல் பெயர்ந்தால் நீர் மேலும் கலங்கும்.

மனிதர் இவ்விலங்கினத்தை அறிந்த வரலாறு விந்தையானது. 1493ஆம் ஆண்டில் கொலம்பசு மேற்கிந்தியத் தீவுகளின் அருகே கடற்கன்னியர் மூவரைக் கண்டதாகக் குறித்தார். அவர் கண்டது கடற்பசுவின் உறவினமான வேறொரு விலங்கு என்பது இன்றைய அறிஞர் துணிபு. கிரேக்கக் கதையில் பாடி மயக்கும் கடல் மகளிரின் பெயரே இவ்வினம் முழுமைக்கும் அறிவியற் பெயராக அமைந்துவிட்டது. இலங்கையில் ஆங்கில அரசின் உயர்பதவி வகித்த எமர்சன் டென்னன்ட் 1861ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மன்னார்க் கரையின் கடற்பசுவைப் பற்றி எழுதி, கடற்கன்னிக் கதைக்கு இதுவே மூலமாகலாம் என்று காட்டினார். 1927ஆம் ஆண்டில் சென்னை அரசு அருங்காட்சியகம், பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கடல் உயிர்களைப் பற்றிய ஆய்வேட்டை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றி, மண்டபத்தில் நெடுங்காலம் தலைமையிடம் கொண்டிருந்தது. அங்கே கடற்பசுக்களைத் தொட்டியில் வளர்த்து அவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்தனர்.

அறிவு வளர்ந்த அதே காலத்தில் விலங்கு குறைந்தது. முன்னாளில் இறைச்சிக்காக இதனை வேட்டையாடினர். இறைச்சியையும் கொழுப்பையும் மருந்தென்று நம்பி வாங்கினவரும் உண்டு. 1960களுக்குப் பின் விசைப்படகும் இழுவைமடியும் பெருகின. இழுவைமடி கடலடியை வாரிச் செல்வது. மீனோடு புல்லும் பெயர்ந்து வரும். கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சுவிட்டாக வேண்டிய விலங்கு. வலையில் சிக்கி மேலே வர இயலாதாயின், நீரில் வாழும் அவ்விலங்கு நீரிலேயே மூழ்கி இறக்கும். இதன் இனப்பெருக்கமும் மிக மெதுவானது. கருக்காலம் ஓராண்டுக்கு மேல்; ஈனுவது ஒரே குட்டி; அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். ஆகவே, ஆண்டுக்குச் சில விலங்குகள் இறப்பினும், அவ்விழப்பை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் வேண்டும். இன்று இந்தியக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து இவை சில நூறே இருக்கும் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர்.

இவ்விடத்தில் பிற நாடுகளின் வரலாறு இரண்டை நாம் பாடமாகக் கொள்ளல் வேண்டும்.

முதலாவது வடகடலில் நிகழ்ந்தது. 1741ஆம் ஆண்டில் பெரிங் என்னும் மாலுமியின் கப்பல் ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்கியது. அக்கப்பலில் இருந்த ஸ்டெல்லர் என்னும் இயற்கை நூலறிஞர், அங்கே 8 மீட்டர் அளவும் நீண்ட பெருங்கடற்பசுவைக் கண்டு விரிவாக எழுதினார். அது கடற்பாசி மேய்ந்து, கரையோரம் கூட்டமாக வாழ்ந்த சாதுவான விலங்கு. தோல் வணிகர் அத்தீவுகளுக்கு ஓடினர். தம் உணவுக்கு அதனைக் கொன்றனர். 1768ஆம் ஆண்டோடு அவ்வினம் முற்றும் அழிந்தது. கண்டறிந்த நாளிலிருந்து அழிந்த நாள்வரை 27 ஆண்டுகளே! அவ்விலங்கை உயிருடன் கண்டு ஆராய்ந்த இயற்கை நூலறிஞர் ஸ்டெல்லர் ஒருவரே.

இரண்டாவது சீன நாட்டில், நம் காலத்திலேயே நிகழ்ந்தது. நம் கடலில் உள்ள அதே கடற்பசு சீனத்தின் தென்கரையிலும் வாழ்ந்தது. 1988ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பை அளித்தது. 1992ஆம் ஆண்டில் அதற்கெனக் காப்பிடமும் அமைத்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டில், சீனக் கடலில் கடற்பசு நடைமுறையில் அற்றுப்போயிற்று என ஆய்வாளர் அறிவித்தனர். சட்டம் இருந்தது; காப்பிடம் இருந்தது; ஆனால் மேய்ச்சல் நிலமோ சிதைந்துகொண்டே வந்தது. ஸ்டெல்லர் கண்ட விலங்குக்குச் சட்டம் இல்லை. சீனத்தின் விலங்குக்குச் சட்டம் இருந்தும் போதவில்லை.

நம் நாட்டிலும் சட்டங்கள் உள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடற்பசுவை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. 1986ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி, அதிராம்பட்டினம் முதல் அம்மாப்பட்டினம் வரை, 448 சதுர கிலோமீட்டர் பரப்பில், இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழக அரசு அறிவித்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி எழுப்பிய மனோரா நிற்பதும் அக்கரையிலேதான். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதற்கு நினைவாக அவர் எழுப்பிய கோபுரம் அது. அக்கரையிலேயே இப்போது ஊமை விலங்கொன்றுக்குக் காவல் அமைந்திருப்பது மகிழத்தக்கது.

ஆயினும், சீனத்தின் பாடத்தை நாம் மறத்தல் ஆகாது. விலங்கைக் காப்பது சட்டத்தின் வேலை என்றால், புல்லைக் காப்பது கரையில் வாழ்வோர் அனைவரின் வேலை. மீனவரைப் பகைத்துக்கொண்டு இது நடவாது. பகைக்க வேண்டிய தேவையும் இல்லை. இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்குவது கடல் தாழையின் நடுவேதான். ஓரா மீன் மேய்வதும் பேராமை மேய்வதும் அங்கேதான். புல்வெளி அழியுமாயின், முதலில் வெறுமையாவது மீனவரின் வலையே. இதனை உணர்ந்து, சிக்கிய கடற்பசுவை விடுவிக்கத் தம் வலையையே அறுத்துவிட்ட மீனவர்கள் இக்கரையில் உள்ளனர். விலையுள்ள பொருளை ஊமை உயிருக்காக இழப்பது எளிய செயல் அன்று. தென்னங்கயிறு கட்டிய மூங்கிற் சட்டங்களில் புல்லை வைத்துக் கடலடியில் நடும் பணியும் நடைபெறுகிறது. நெல் நாற்று நடுவோர் நாட்டில் கடலிலும் நாற்று நடப்படுவது பொருத்தமே.

நெடுங்காலம் ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். நம் பாடநூல்களில் சிங்கத்துக்கும் திமிங்கிலத்துக்கும் படம் உண்டு. கடல் தாழைக்கு இடம் இருப்பதில்லை. கடற்கரையூர்ச் சிறுவர்க்கோ எந்தத் தாழை எந்தச் சேற்றில் வளரும், எந்த மாதத்தில் கரையொதுங்கும் என்பது தெரியும். ஆனால் அதனை அவர்கள் கல்வி என்று கருதுவதில்லை. நூலில் இல்லாதது வகுப்பில் செல்லாது என்று எண்ணி வாய்மூடி இருப்பர். அவர்கள் தந்தையரும் பாட்டன்மாரும் கடலில் கற்ற அறிவு அது. ஆசிரியர்கள் அதனைக் கேட்டு வாங்கி ஏட்டில் ஏற்றல் வேண்டும்.

இளைஞர்களே, நீங்கள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. வாடைக் காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடா கொந்தளிக்கும். அப்போது கடல் தாழை கரையில் குவியும். உயிருள்ளதைப் பிடுங்குதல் ஆகாது, கரையொதுங்கியதே போதும். வகைக்கு ஒன்று எடுத்து, நன்னீரில் அலசி, பழைய தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துங்கள். பக்கத்தில் நாளும் இடமும் எழுதுங்கள். மீனவர் அதற்கு வழங்கும் பெயரைக் கேட்டு அதனையும் எழுதுங்கள். ஆண்டுதோறும் அவ்வாறு செய்தால், எவ்வகை பெருகிற்று, எவ்வகை அருகிற்று என்பது தானே விளங்கும். புல்லின் வரலாற்றை எழுதத் தொடங்கியவர் ஆவீர்கள்.

கடற்பசு ஏறத்தாழ 70 ஆண்டுகள் வாழக்கூடியது. இவ்வாண்டு பாக் விரிகுடாவில் ஒரு குட்டி பிறக்குமாயின், அதே ஆண்டில் அதிராம்பட்டினத்தில் பிறக்கும் குழந்தைக்கு அஃது ஒத்த வயதுடையது. அக்குழந்தை பள்ளி சென்று, தொழில் செய்து, மூப்படைந்து, பேரனுக்குக் கதை சொல்லும் நாளிலும் அக்கடற்பசு அதே கடலில் மேய்ந்துகொண்டிருக்க இயலும். புல் இருக்க வேண்டும், அவ்வளவே.