மலைச் சரிவின் கணக்கு

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிலே சமநிலம் அரிது. பசறையிலும் நமுனுகுலையிலும் அப்புத்தளையிலும் சரிவிலேதான் செடி நிற்கின்றது. சரிவிலேதான் மக்கள் வேலை செய்கின்றனர். கொழுந்து பறிக்கும் இடத்துக்கு 'மலை' என்றே தோட்டத்தில் பெயர். அத்தகைய நாட்டிலே நிலத்தை அளக்கப் புகுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும். அளக்கவேண்டியது சரிவின் நீளமா, அன்றி அதன் கீழே கிடையாக அமையும் நீளமா? இரண்டும் ஒன்றல்ல. இவற்றை இணைக்கும் கணக்கே திரிகோண கணிதம்.

ஊவாவின் புகைவண்டிப் பாதை இதற்கு நல்ல சான்று. 1894இல் பண்டாரவளையை அடைந்த பாதை, பதுளையை அடைந்தது 1924இலேதான். மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு ஓர் அடி என்பதே சரிவின் எல்லை. கோணத்திற் சொன்னால் ஏறத்தாழ 1 பாகை 18 கலை. ஆகவே 100 அடி இறங்குவதற்கு 4,400 அடி ஓடவேண்டும். அந்த நீளத்தைத் தேடியே தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தின் வழியாகச் செல்கின்றது.

இக்கணக்கின் வேர் மிகப் பழையது. கி.பி. 499ஆம் ஆண்டைக் காலக் குறிப்பாகத் தரும் ஆரியபடீயத்தில் 24 அரைநாண்களைக் காணும் வழி உண்டு. நாணைக் குறித்த 'ஜ்யா' என்னும் வடசொல் அரபியில் 'ஜீபா' ஆயிற்று. அது மடிப்பு எனப் பொருள்படும் 'ஜைப்' எனப் பிழையாகப் படிக்கப்பெற்று, இலத்தீனில் அதே பொருளுடைய 'சைனஸ்' ஆகி, இன்று 'சைன்' என வழங்குகின்றது. ஆரியபட்டர் தம் பட்டியலுக்குக் கொண்ட ஆரை 3,438 கலை. இவ்வெண்ணை நேயர்கள் நினைவில் வைத்தல் நன்று.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் தோன்றியது. 1802இல் சென்னைப் பரங்கிமலையின் அருகே லாம்டன் அடிக்கோடு அளந்து, இந்தியப் பெருநில முக்கோண அளவையைத் தொடங்கினார். இத்தகைய அளவைகளில் எழும் நிலப்படம் எப்போதும் கிடைப்பரப்பையே காட்டும். அளவையாளர் சரிவின் நீளத்தையும் கோணத்தையும் கண்டு, மடக்கை அட்டவணையின் துணையுடன் கோசைனாற் பெருக்கிக் கிடைநீளம் பெற்றனர்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. 30 பாகைச் சரிவில் நிலப்படம் 100 ஏக்கர் என்று காட்டும் மலையின் உண்மை மேற்பரப்பு, 100ஐ 0.866 ஆல் வகுக்க வருவது. அதாவது ஏறத்தாழ 115½ ஏக்கர். தோட்டங்களில் புல்வெட்டு வேலையை ஏக்கர் வீதத்தில் ஒப்பந்தமாகக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நிலப்படத்து ஏக்கரே கூலிக்கு அளவாயின், எஞ்சிய 15½ ஏக்கரில் வளரும் புல்லை வெட்டுவோருக்கு ஊதியம் ஏது? புல் படத்தில் வளர்வதில்லை, சரிவிலேயே வளர்கின்றது.

மடக்கை அட்டவணை மறைந்து, இப்போது கணினி விரிதாள் வந்துள்ளது. 1979இல் வெளிவந்த விசிகால்க் தொட்டு இன்றுள்ள எக்செல் வரை, சைன், கோசைன் சார்புகள் கோணத்தைப் பாகையிலன்றி ஆரையனிலேயே ஏற்கின்றன. ஆரைக்குச் சமமான நீளமுள்ள வில், வட்டத்தின் மையத்தில் அமைக்கும் கோணமே ஓர் ஆரையன். அது ஏறத்தாழ 57.3 பாகை, கலையாக்கினால் 3,438. ஆம், ஆரியபட்டர் கொண்ட அதே எண்!

இதனை அறியாது கோசைன் சார்பினுள் 30 என்று மட்டும் இட்டால், 0.866 வராது, 0.154 வரும். நூறு ஏக்கர் மலை 648 ஏக்கராகப் பெருகிவிடும். 30ஐப் பையாற் பெருக்கி 180ஆல் வகுத்தோ, 'ரேடியன்ஸ்' என்னும் சார்பினுள் இட்டோ முதலில் ஆரையனாக மாற்றவேண்டும். அதன் பின்னரே கோசைன் காணவேண்டும்.

இப்பிழை பெரிதாகையால் கண்ணுக்குத் தெரியும். கிடைப்பரப்பையும் சரிவுப் பரப்பையும் மயங்கக் கொள்ளும் பிழையோ அவ்வாறு தெரியாது. விரிதாள் கேட்டதற்கு விடை தரும். கேட்கவேண்டியது எது என்பதைச் சொல்லாது. சரிவின் கோணத்தைத் தானே அளந்து கோசைன் காணக் கற்ற தோட்டத்துப் பிள்ளைக்கு, நிலப்படத்தில் இல்லாத அந்த 15½ ஏக்கரும் தெளிவாகப் புலனாகும்.