பகைவர் அங்கி

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நூல்களைப் புரட்டுவோர் ஒரு நிழற்படத்தைக் காணாதிருத்தல் அரிது. 1944ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள். பெல்ஜியத்தின் கிழக்கெல்லையில் ஹோன்ஸ்ஃபெல்ட் என்னும் சிற்றூர். மாண்டு கிடக்கும் அமெரிக்க வீரர்களின் காலணிகளையும் பிற உடைமைகளையும் ஜெர்மன் வீரர்கள் கழற்றிக்கொண்டிருக்கின்றனர். படம் எடுத்தவரும் ஜெர்மானியரே; படச்சுருள் பின்னர் அமெரிக்கர் கையில் சிக்கியது. பிணத்தைக் கொள்ளையிடும் இழிசெயல் எனச் சினங்கொள்வது எளிது. நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆயினும், கழற்றியவர்களின் கால்களில் என்ன இருந்தது என்று வினவத் தொடங்கினால் செய்தி வேறு பக்கம் விரிகிறது.

போர் தொடங்கியபோது ஜெர்மன் வீரனின் சட்டை நல்ல கம்பளியால் ஆனது. கரும்பச்சைக் கழுத்துப்பட்டையும், மடிப்பு வைத்துத் தைத்த நான்கு பைகளும் உடையது. 1940இல் கழுத்துப்பட்டையின் பச்சை போயிற்று. 1942இல் பைகளின் மடிப்புப் போயிற்று. அடுத்த ஆண்டில் பைமூடியின் வளைவு நேராயிற்று. 1944இல் சட்டையே இடுப்பளவாகக் குறுகியது. இடையே கம்பளியில் செயற்கை இழையும் பழந்துணி நூலும் மேன்மேலும் கலந்தன. முழங்கால் நோக்கி உயர்ந்த காலணி முதலில் உயரம் குறைந்து, பின்னர்ப் பலர்க்குக் கணுக்கால் அளவினதாயிற்று. ஒரு பேரரசின் தேய்வைத் தையற்காரரின் கத்தரிக்கோல் இவ்வளவு ஒழுங்காகப் பதிந்துவைத்திருப்பது வியப்பே.

குளிரை அவர்கள் முன்பே அறிந்திருந்தனர். 1941இல் மாஸ்கோவின் வாயிலில், குளிர்காலத்துக்கு முன்பே வெற்றி கிட்டும் என்ற நம்பிக்கையில் படை போதிய கம்பளியாடையின்றி நின்றது. டிசம்பர் 20ஆம் நாள் கெப்பல்ஸ் வானொலியில் பேசி, வீட்டிலுள்ள கம்பளியையும் மென்மயிர் ஆடையையும் போர்முனைக்குத் தருமாறு மக்களிடம் வேண்ட நேர்ந்தது. அடியில் ஆணி அறைந்த காலணி குளிரைக் காலுக்கே ஏற்றியது. ரஷ்ய வீரனின் கம்பளிக் காலணி பொன்னினும் அரிய பொருளாயிற்று. பின்னர், ஒருபுறம் வெண்மையாய்த் திருப்பி அணியத்தக்க பஞ்சு வைத்த உடை வகுக்கப்பட்டது. எனினும் 1944இல் அது எல்லார்க்கும் கிட்டவில்லை.

இந்நிலையில்தான் 1944 டிசம்பர் 16 அன்று ஆர்டென் காட்டுவழியே ஜெர்மனியின் இறுதிப் பெருந்தாக்குதல் எழுந்தது. பகைவரிடம் கவர்வது ஈண்டுத் தற்செயல் அன்று. திட்டத்தின் ஓர் உறுப்பு. டாங்கிகளுக்கு வேண்டிய பெட்ரோலில் ஒரு பகுதியை அமெரிக்கக் கிடங்குகளிலிருந்தே பெறுவது என்று கணக்கிட்டிருந்தனர். மறுநாளே பைப்பரின் படைப்பிரிவு பியூலிங்கன் என்னுமிடத்தில் ஏறத்தாழ 50,000 கேலன் பெட்ரோலைக் கைப்பற்றியது. சிகரெட், உணவு டப்பா, மேலங்கி ஆகியன வீரர்கள் தாமே எடுத்துக்கொண்டவை.

உடையை ஏமாற்றுக்கெனவே கவர்ந்தோர் வேறு ஒரு கூட்டத்தார். முசோலினியை மீட்டுப் புகழ்பெற்ற ஓட்டோ ஸ்கோர்செனியிடம் ஹிட்லர் அக்டோபரில் இப்பணியை ஒப்படைத்தார்: அமெரிக்க உடையில், அமெரிக்க ஊர்திகளில் சென்று மியூஸ் ஆற்றுப் பாலங்களைக் கைப்பற்ற வேண்டும். வந்துசேர்ந்த உடைகளோ நகைப்புக்கிடமானவை. சிலவற்றில் போர்க்கைதியின் அடையாளம் இருந்தது. அமெரிக்க டாங்கிகள் போதாமையால், ஐந்து பாந்தர் டாங்கிகளுக்குத் தகடு பொருத்தி வெள்ளை நட்சத்திரம் தீட்டினர். டிசம்பர் 21இல் மால்மெடியைத் தாக்கிய அவை அங்கேயே முடங்கின.

பாலம் ஒன்றும் வீழவில்லை, வீழ்ந்தது நம்பிக்கை. அமெரிக்கச் சாவடிகளில் ஒவ்வொருவரையும் நிறுத்தி வினாத் தொடுத்தனர். தளபதி பிராட்லியிடமே இல்லினாயின் தலைநகர் யாதெனக் கேட்டனர். அவர் ஸ்பிரிங்ஃபீல்ட் என்று சரியாகவே விடையிறுத்தும், சிகாகோ என்றே எண்ணியிருந்த காவலன் ஒப்பவில்லையாம். இது நகைச்சுவை. பிடிபட்ட எளிய ஜெர்மன் வீரனுக்கோ நகைக்க இடமில்லை. குளிருக்கு அஞ்சி அமெரிக்க மேலங்கியை மாட்டிக்கொண்டவனும் ஸ்கோர்செனியின் ஆள் என ஐயுறப்படும் நிலை வந்தது. வெட்சியும் கரந்தையும் சூடிப் பொருத மறவர்க்குப் பூ, பக்கம் காட்டியது. குளிரைத் தடுக்கும் வேலை அதற்கில்லை. அங்கிக்கு இரண்டு வேலைகளும் உண்டு. இடர்ப்பாடு அங்கேதான்.

பில்லிங், பெர்னாஸ், ஷ்மிட் என்னும் மூவர் டிசம்பர் 17இல் அய்வாய் என்ற ஊரில் மறைச்சொல் கூறமாட்டாது பிடிபட்டனர். 21இல் விசாரணை, 23இல் ஆன்ரி ஷப்பல் என்னுமிடத்தில் மூவரும் ஒற்றர் எனச் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள் பகைவர் சீருடையை 'முறையின்றி' அணிதலைத் தடுத்தன. முறை எது என்பதை விளக்கவில்லை.

அவ்விளக்கம் 1947இல் டாக்கவ் நீதிமன்றத்தில் வேண்டப்பட்டது. ஸ்கோர்செனியும் ஒன்பது அதிகாரிகளும் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். அவர்கள் சார்பில் சான்று பகர வந்தவர், ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் துன்புற்ற பிரிட்டிஷ் அதிகாரி இயோ-தாமஸ். தம் தரப்பினரும் ஜெர்மன் சீருடை அணிந்து சென்றதுண்டு என அவர் ஒளிவின்றி உரைத்தார். பகைவர் உடையில் நடமாடுவது வேறு, அவ்வுடையிலேயே போரிடுவது வேறு என்ற வாதம் நின்றது. செப்டம்பர் 9ஆம் நாள் பதின்மரும் விடுதலை பெற்றனர். அத்தலைவரின் கட்டளையால் அய்வாய் சென்ற மூவரும் மண்ணுள் புதைந்து அப்போது இரண்டே முக்கால் ஆண்டுகள் ஆகியிருந்தன.