வெருகல் துறையும் வண்டி அவிழ்க்கும் முறையும்

மகாவலியின் கிளையான வெருகல் ஆறு, திருகோணமலை மாவட்டத்துக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் இடையில் ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் கரையில் உள்ள சித்திர வேலாயுத சுவாமி கோயில் பழமையானது. மதில் கல்வெட்டு கயிலாய வன்னியனாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு இரு மாவட்டங்களிலிருந்தும் அடியார்கள் வருவர். முற்காலத்தில் நடந்து வந்தோர் போக, மற்றவர்கள் மாட்டுவண்டியில் வந்தனர்.

மாட்டுவண்டியை நிறுத்துவது எளிய காரியமன்று. அவிழ்த்துவிட்ட வண்டிக்கு ஓரிடம் வேண்டும், மாடுகளுக்கும் வைக்கோலுக்கும் நிழலோடு வேறோரிடம் வேண்டும். முன்பின் பழகாத காளைகளை அருகருகே கட்டினால் முட்டிக்கொள்ளும். மாடு பூட்டிய வண்டியைப் பின்னோக்கி நகர்த்துவதும் கடினம். ஆகவே திரும்புவதற்கு வெளி விட்டே அடுத்தவன் அவிழ்க்க வேண்டும். பிறர் நுகத்தைத் தொடுமுன் கேட்பது வெறும் மரியாதை மட்டுமல்ல. அந்த வண்டியும் சோடி மாடும்தான் ஒரு குடும்பத்தின் வயல், வரும்படி எல்லாம்.

பின்னர் பேருந்தும் லொறியும் வந்தன. ஆற்றைக் கடக்க மிதவைதான் வழி. கிழக்கிலே அதனைப் 'பாதை' என்போம். (தமிழகத்து நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு.) பாதையில் சில வாகனங்களே கொள்ளும். பாரம் ஒருபுறம் சாயக்கூடாது, முன்னே ஏறியது இறங்காமல் பின்னே நிற்பது அசைய முடியாது. இறக்கத்தில் நிற்கும் வாகனத்தின் சில்லுக்குக் கல் வைக்காவிட்டால் முன்னால் நிற்பவரின் வாகனத்தில்தான் போய் இடிக்கும். வரிசையைக் குலைப்பவன் துறை முழுவதையும் மறித்தவனாவான்.

அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரில் 1935 யூலையில் உலகின் முதலாவது வாகனத் தரிப்பு மீற்றர் பொருத்தப்பட்டது. இலங்கையின் மோட்டார் வாகனச் சட்டம் 1951இல் வந்தது. வெருகல் துறையில் ஒழுங்கைக் காத்தவை இவ்விரண்டுமல்ல. ஆறும் அச்சமும்தான் என்பது என் கருத்து.

2006 ஓகஸ்டில் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் போர் மூண்டபோது, மக்கள் இந்த ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடினர். உழவு இயந்திரமும் துவிச்சக்கர வண்டியும் அப்போது வாகனங்களல்ல, வீடுகள். முதியோரும் பானை சட்டியும் அவற்றின் மேல்தான் இருந்தனர். 2007 சனவரியில் வாகரையும் வீழ, மீண்டும் ஓட்டம். கால்நடையையும் வாகனத்தையும் இழந்து திரும்பியோர் பலர்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. வெருகலிலும் இன்று பாலம் உண்டு, பாதைக்குக் காத்திருப்பதில்லை. திருவிழாக் காலத்தில் வான்களும் ஆட்டோக்களும் ஒன்றின் வாலை ஒன்று மறித்து நிற்கின்றன. ஓட்டுநர் பூசைக்குப் போய்விட்டால், நெரிசலில் மயங்கி விழுந்த ஒருவரை மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியிராது. பழைய வண்டிக்காரர் கோயிலுக்குள் நுழையுமுன்பே நுகத்தை வீதிப் பக்கம் திருப்பி வைத்தது இதற்காகத்தான்.