நூல் நூற்ற இரு அன்னையர்

இளைஞன் ஒருவன் எதை நாடி ஓடுகிறான் என்பதை அவனுடைய உள்ளம் மட்டும் முடிவு செய்வதில்லை. பிறந்த இல்லமும் வாழும் சமுதாயமும் அதில் பங்கு கொள்கின்றன. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் கூஃபா நகரம் இதற்குச் சான்று பகர்கின்றது.

ஹதீஸ் கலை மேதை இமாம் சுஃப்யான் ஸவ்ரீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 161, கி.பி. 778) அந்நகரில் வளர்ந்தவர்கள். 'மகனே, நீ கல்வியைத் தேடு. நான் நூல் நூற்று உன்னைக் காப்பேன்' என்ற கருத்துப்பட அவர்களின் அன்னையார் மொழிந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பத்து ஹதீஸ்களை எழுதியதும், நடையிலும் பொறுமையிலும் கண்ணியத்திலும் உயர்வு காண்கிறாயா என்று உன்னையே சோதித்துக்கொள் என்றும் அவ்வம்மையார் அறிவுறுத்தினார்கள்.

அதே நகரில் பிறந்தவர்கள் இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் (ஹிஜ்ரி 113–182). தந்தை மறைந்தபின் அன்னையார் அவர்களைச் சலவைத் தொழிலாளி ஒருவரிடம் வேலைக்கு விட்டார்கள். சிறுவரோ இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் பாடசபைக்கு ஓடுவார். அன்னையார் தேடி வந்து கைப்பிடித்து இழுத்துச் செல்வார்கள். நூல் நூற்றுப் பிள்ளையை வளர்க்கிறேன். இவன் ஒரு தானிக்காவது ஈட்ட வேண்டாமா என்று இமாமிடமே முறையிட்டார்கள் என ஒரு செய்தி உண்டு. தானிக் என்பது திர்ஹத்தில் ஆறில் ஒரு பங்கு.

இருவரும் நூல் நூற்றவர்களே. ஒருவர் கல்வியை எதிர்பார்த்தார். மற்றவர் காசை எதிர்பார்த்தார். இரண்டாம் அன்னையைக் குறைகூற நாம் துணியோம். அடுப்பு எரியாத வீட்டின் நியாயம் அது. அந்த நியாயத்தை உணர்ந்தவர்கள் பட்டு வணிகரான இமாம் அபூஹனீபா அவர்கள். மாணவரிடம் நூறு திர்ஹம் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லும்படி கூறினார்கள் என்று மற்றொரு செய்தி தெரிவிக்கின்றது. அம்மாணவரே பின்னர் ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாகி, 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலை யாத்தார்கள்.

நம் ஊர்களில் மகன் தலையெடுத்ததும் சபருக்கு அனுப்பும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. சகோதரியின் நிக்காஹும் வீட்டுக் கடனும் அவன் தோளில் ஏறுகின்றன. பிறகு, 'பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்கிறோம். நாட்டம் இல்லையா, நாட்டம் கொள்ள நாம் இடம் தரவில்லையா? அறிஞர் வேண்டுமென விரும்பும் ஜமாஅத், அந்தப் பிள்ளையின் அன்னைக்குரிய அந்தத் தானிக்கையும் கொடுக்க முன்வர வேண்டும்.