பனிக்குத் தப்பிய விதை: கிரிம் குடும்பத்துப் பண்ணையின் வரலாறு

மாடு வைத்திருப்பவர்களிடம் குதிரைமசாலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விதைத்து எழுபத்தைந்து, எண்பது நாளில் முதல் அறுப்பு. அதன்பின் மாதம் ஒருமுறை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டே இருக்கலாம். நம்மூரில் அதற்குத் தண்ணீர்தான் கவலை. அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மினசோட்டா மாநிலத்தில் கவலையே வேறு. அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி வரை இறங்கும். மாதக்கணக்கில் மண் கல்லாக உறைந்து கிடக்கும். அந்த மண்ணில் இந்தப் பயிரை நிலைக்க வைத்தவர் ஜெர்மனியிலிருந்து பிழைக்கப்போன ஒரு குடியானவர். பால் உற்பத்தியாளர்களின் விழா மலரில் அவர் குடும்பத்துக்கும் சில பக்கம் ஒதுக்குவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

வெண்டலின் கிரிம், தென்மேற்கு ஜெர்மனியில் பாடன் நாட்டின் கூல்ஸ்ஹைம் என்ற சிற்றூர்க்காரர். பாடனின் பல பகுதிகளில் அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் பங்குநிலம் கையகலமாகிவிடும். பாகப்பிரிவினை கண்ட எந்த ஊர்க்காரருக்கும் இது விளங்கும். 1840களில் உருளைக்கிழங்கு நோயும் பஞ்சமும் வந்தன. 1848-49 கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அந்நாட்டை விட்டுக் கப்பலேறியவர்கள் ஏராளம். கிரிம், மனைவி யூலியானாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு 1857-இல் புறப்பட்டார். மினசோட்டா அப்போது மாநிலமாகக்கூட ஆகவில்லை. மறு ஆண்டுதான் ஆயிற்று.

சாஸ்கா ஊருக்கு அருகே கார்வர் மாவட்டத்தில் அவருக்கு நிலம் கிடைத்தது. அது ஆளில்லாமல் கிடந்த நிலம் அல்ல. டகோட்டா பழங்குடியினர் 1851 ஒப்பந்தங்களால் இழந்த மண் அது. குடியேறிகளின் புகழ் பாடும் மலர்கள் இதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் தாண்டிவிடுவது வழக்கம். நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

குடும்பத்தோடு வந்த சாமான்களில் ஒரு சிறு மூட்டை விதையும் இருந்தது. பதினைந்திலிருந்து இருபது பவுண்டு எடை, அதாவது ஏழிலிருந்து ஒன்பது கிலோ. ஊரில் பரம்பரையாக விதைத்து வந்த குதிரைமசால். அதை 1858 வசந்தத்தில் கிரிம் விதைத்தார். முளைத்தது, வளர்ந்தது, பனிக்காலம் முடிந்து பார்த்தபோது பெரும்பாலான செடிகள் செத்துக் கிடந்தன.

அவை ஏன் செத்தன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குதிரைமசாலுக்கு உயிர் இருப்பது தண்டும் வேரும் கூடுகிற அடிக்கட்டையில். அறுத்த பிறகு துளிர்ப்பது அங்கிருந்துதான். அது மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தால் குளிர் கருக்கிவிடும். பனிக்காலத்தின் முடிவில் மண் பகலில் இளகி இரவில் உறையும். அந்த உப்பலில் வேர் அறுந்து செடியே வெளியே வந்துவிடும். அடிக்கட்டை மண்ணுக்குள் சற்றுப் பதுங்கியிருக்கும் செடிகளே தப்பும். அப்படித் தப்பியவற்றை கிரிம் காய்க்கவிட்டார். நத்தை ஓடுபோல் சுருண்ட அந்தப் பொடிக் காய்களை அடித்து, கிடைத்த விதையை மறுபடி விதைத்தார். மறுபடியும் பல செத்தன. மிஞ்சியதில் மறுபடி விதை எடுத்தார். இப்படியே ஆண்டுக்கணக்கில் நடந்தது. அவருக்கு இது ஆராய்ச்சியும் அல்ல, பிடிவாதமும் அல்ல; மாட்டுக்குத் தீனி வேண்டும், கையில் இருப்பது இந்த விதை, அவ்வளவுதான். ஆனால் இன்றைய பயிர்ப்பெருக்கத் துறையினர் தேர்வு என்று பெயர் வைத்துச் செய்யும் வேலையைப் பனி அவருக்குக் கூலியில்லாமல் செய்து கொடுத்தது.

1860களின் வறட்சி ஆண்டு ஒன்றில் ஊரார் மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்க, கிரிம் கொழுத்த மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிப் போனாராம். மக்காச்சோளம் எங்கே வாங்கினாய் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்க, ஒரு மணிகூடப் போடவில்லை, என் தீவனப் பயிர் மட்டும்தான் என்றாராம். கதையில் எவ்வளவு மெருகோ, போகட்டும். விதை அக்கம்பக்கத்து ஜெர்மன் குடும்பங்களுக்குப் பரவியது மட்டும் உண்மை. கிரிம் 1890-இல் இறந்தார். கார்வர் மாவட்டத்துக்கு வெளியே அப்போது அவர் பெயர் பெரிதாக யாருக்கும் தெரியாது.

பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஒரு வாத்தியார். அந்த வட்டாரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஏ. பி. லைமன், மற்ற இடங்களில் பட்டுப்போகும் பயிர் இந்தச் சில பண்ணைகளில் மட்டும் ஆண்டாண்டாக நிற்பதைக் கவனித்தார். 1900 வாக்கில் அதை மினசோட்டா பல்கலைக்கழகப் பயிர்ப்பெருக்க அறிஞர் வில்லெட் ஹேஸிடம் சொன்னார். ஹேஸ் விதை வாங்கிச் சோதித்தார். அதன்பிறகே அது ‘கிரிம்’ ரகம் ஆயிற்று. 1911-இல் மத்திய வேளாண் துறையின் சார்லஸ் பிராண்ட் அதைப் பற்றித் தனி வெளியீடே எழுதினார். ஊதாப்பூக் குதிரைமசாலோடு மஞ்சள்பூ இனம் கலந்த கலப்பு அது. குளிர் தாங்கும் குணம் மஞ்சள்பூ வழியில் வந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். வயலில் நின்று பார்த்தால் ஊதாப் பூக்களுக்கு நடுவே பச்சையும் மஞ்சளும் ஓடும்.

பிறகு வியாபாரம். லைமனே கிரிம் விதையை அறிமுகப்படுத்தியவர் என்று தன்னைப் போட்டுக்கொண்டு விளம்பரம் செய்து விற்றார். அதில் தவறு காண எனக்கு மனமில்லை. அவர் பார்க்காவிட்டால் வேறு யார் பார்த்திருப்பார்கள்? மேற்கே வறண்ட மாநிலங்களில் விதைக்காகவே இதைப் பயிரிட்டார்கள். விலை ஏறியதும் சாதாரண விதையைக் கிரிம் என்று சொல்லி விற்பவர்கள் முளைத்தார்கள். விதையைப் பார்த்து ரகம் கண்டுபிடிக்க முடியாது; பனி வந்தால்தான் குட்டு வெளிப்படும். வளர்ப்போர் சங்கம் வைத்ததற்கும், சான்று பெற்ற விதை என்ற ஏற்பாடு அங்கே வலுப்பட்டதற்கும் இந்த மோசடி ஒரு காரணம். 1924-இல் கிரிம் பண்ணையில் வெண்கலப் பட்டயம் பதித்த நினைவுக்கல் நாட்டினார்கள்.

அதே 1920களில் பாக்டீரியா வாடல் நோய் அடையாளம் காணப்பட்டது. குளிரை வென்ற கிரிம் ரகம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நல்ல வயல்கூட மூன்று நான்கு ஆண்டில் கலைந்தது. நோய் தாங்கும் ரேஞ்சர் 1940களிலும், வெர்னல் 1953-இலும் வந்தன. வட மாநில வயல்களிலிருந்து கிரிம் மெல்ல விலகியது.

பண்ணை மட்டும் இருக்கிறது. இன்று அது கார்வர் பூங்காக் காப்பகத்துக்குள், திரீ ரிவர்ஸ் பூங்கா மாவட்டத்தின் பொறுப்பில் உள்ளது. 1876-இல் கட்டிய செங்கல் வீட்டைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் அது சேர்ந்தது 1974-இல். அதற்குள் வெர்னல் வந்தே இருபது ஆண்டு கடந்திருந்தது.