அதியன்னூர் மாணவரும் அவர் நடத்திய பத்திரிகையும்

வானொலியில் கருநாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு நெய்யாற்றின்கரை என்னும் ஊர்ப்பெயர் புதிதன்று. 1940-ஆம் ஆண்டில் அப்பகுதியிற் பிறந்து, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியில் மாணவராகப் பயின்று, பின்னர்த் திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய சங்கீத வித்துவான் வாசுதேவன், தம் பெயரோடு தம் ஊரின் பெயரையும் நாடெங்கும் ஒலிக்கச் செய்தார். அவர் மறைந்தது 2008-இல். அதே நெய்யாற்றின்கரை வட்டத்தில் அவருக்கு அறுபத்திரண்டு ஆண்டுகள் முன்பு பிறந்த இன்னொரு மாணவர், தம் குரலைத் தொலைவிற்கு அனுப்ப வானொலி இல்லாத காலத்தில், அச்செழுத்தை நம்பிப் புறப்பட்டார். நேயர்கள் அவரையும் அறிந்துகொள்ள வேண்டும். ஏனெனில், அவருடைய கதையின் நடுவில் ஒருமுறையேனும் தமிழ்நாடு வருகிறது, அதுவும் விந்தையான ஒரு வேடத்தில்.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தெற்கே செல்லும் பெருவழியில் முதலில் நெய்யாற்றின்கரை, அதற்கப்பால் பாறசாலை, அதனையும் கடந்தால் களியக்காவிளை. அதியன்னூர் நெய்யாற்றின்கரையை அடுத்த சிற்றூர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைப் பக்கத்தில் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. நாம் வேலை தேடிப் பிற மாநிலம் சென்று அடைந்த நிலையை, அவர்கள் இருந்த இடத்தில் இருந்தவாறே அடைந்தார்கள்.

இந்த அதியன்னூரில் 1878-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள் பிறந்தவர் கே. இராமகிருஷ்ண பிள்ளை. தாயார் நாயர் குலத்தவர். தந்தையார் கோயில் பூசை செய்யும் போற்றி. அந்நாளைய மருமக்கள்வழி முறைப்படி, பிள்ளையின் கல்விக்கும் செலவிற்கும் வாழ்க்கைக்கும் பொறுப்பாளி தந்தை அல்லர், தாய்மாமனே. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழியைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை எள்ளி நகையாடிப் பாடியிருப்பதை அறிந்தவர்களுக்குக் காரணவர் என்னும் குடும்பத் தலைவரின் கையில் எத்துணை அதிகாரம் குவிந்திருந்தது என்று சொல்லத் தேவையில்லை. காரணவர் முகம் சுளித்தால் மருமகனுக்குச் சோறும் இல்லை, கூரையும் இல்லை.

பள்ளிப் படிப்பை முடித்துத் திருவனந்தபுரம் கல்லூரியிற் சேர்ந்தார் இராமகிருஷ்ணர். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பட்டம் சென்னையிலிருந்துதான் வரவேண்டும். கேரளவர்ம வலியகோயித் தம்புரான், ஏ. ஆர். இராஜராஜவர்மா போன்ற பெரும் புலவர்கள் வாழ்ந்த நகரம் அது. அவர்களோடு பழகும் வாய்ப்பும் இளைஞருக்குக் கிட்டியது. எனினும் அவர் மனம் பாடப் புத்தகத்தில் முழுதும் நிற்கவில்லை. நகரத்தின் வாசகசாலைகளில் வந்து குவியும் செய்தித்தாள்களில் நின்றது. ஏடுகளுக்கு எழுதலானார். பி.ஏ. வகுப்பு மாணவராய் இருக்கும்போதே, 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், 'கேரள தர்ப்பணம்' என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று. தர்ப்பணம் என்றதும் எள்ளும் தண்ணீரும் நினைவிற்கு வரலாம். இங்கே அச்சொல்லுக்குக் கண்ணாடி என்று பொருள். கண்ணாடி உள்ளதைக் காட்டும். காட்டுவதே சிலருக்குக் குற்றமாகவும் படும்.

இன்று கல்லூரிகளில் மாணவர் நடத்தும் ஏடுகள் உண்டு. மாணவர் பேசும் வானொலிகளும் உண்டு. ஆண்டு விழாக் கட்டுரைகளும் சங்கச் செய்திகளும் அவற்றில் நிறையும். ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். இராமகிருஷ்ணர் நடத்தியது அவ்வகையன்று. கல்லூரியின் பெயரும் காப்பும் இன்றிச் சமஸ்தானத்துப் பொதுமக்களுக்காக வெளிவந்த பத்திரிகை அது. மாணவராய் இருப்பதும் பத்திரிகாசிரியராய் இருப்பதும் அவருக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்த இரண்டு பருவங்கள் அல்ல. ஒரே நேரத்தில் தோளில் ஏறிய இரண்டு சுமைகள்.

மாமன் முதலில் அரைமனத்தோடு இசைந்தார், பின்னர் இசையவில்லை. இதனைக் கிழவரின் பிடிவாதம் என்று தள்ளிவிடுதல் முறையாகாது. பி.ஏ. படித்த நாயர் இளைஞன் ஒருவன் அரசாங்க உத்தியோகத்தில் அமர்வதற்காக அந்தச் சமூகமே பத்தாண்டுகள் முன்பு போராடியிருந்தது. 1891-ஆம் ஆண்டு சனவரியில் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் அளித்த 'மலையாளி மெமோரியல்' என்னும் விண்ணப்பத்தின் சாரம் இதுதான்: திருவிதாங்கூரின் உயர்ந்த பதவிகளை வெளியிலிருந்து வந்தவர்கள் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள், நாட்டு மக்களுக்கு இடமளிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்கள் என்று அவர்கள் சுட்டியது பெரும்பாலும் தமிழ்ப் பிராமண உத்தியோகஸ்தர்களை. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாயிலுக்குள் நுழையாமல், அவ்வாயிலைக் காப்பவர்களையே ஏசி எழுதும் பையனை எந்தக் காரணவர் பொறுப்பார்? இராமகிருஷ்ணர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. பத்திரிகையை விடவில்லை, படிப்பையும் விடவில்லை. பட்டமும் பெற்றார்.

அடுத்த சில ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 'கேரள பஞ்சிகை', பின்னர்க் கொல்லத்தில் 'மலையாளி' என்று ஆசிரியப் பதவிகள் மாறின; எங்கும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1904-இல் பி. கல்யாணி அம்மாளை மணந்தார். அவரும் எழுத்தாளர். 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான் அவருக்கு ஏற்ற இடம் வாய்த்தது. வக்கம் அப்துல் காதர் மௌலவி என்னும் இஸ்லாமிய அறிஞர் 1905-இல் தொடங்கிய 'ஸ்வதேசாபிமானி' இதழ் அது. மௌலவி தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு அச்சுயந்திரம் வருவித்தார். இராமகிருஷ்ணரை ஆசிரியராக்கியபின் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பத்திரிகை உலகில் முதலாளி இப்படி வாய்மூடி இருத்தல் அரிதினும் அரிது. இந்நட்பு இல்லையேல் அதியன்னூர் மாணவரின் பெயர் நமக்கு எட்டியிராது. 1907-இல் பத்திரிகை திருவனந்தபுரத்திற்கு வந்தது. அங்கிருந்து மாணவர்களுக்கென்றே 'வித்யார்த்தி' என்னும் ஏட்டையும் இராமகிருஷ்ணர் நடத்தினார். தாம் மாணவராய் இருந்தபோது தமக்குக் கிட்டாததைப் பின்வரும் மாணவர்க்கு அளிக்க எண்ணினார் போலும்.

'ஸ்வதேசாபிமானி' திவானைத் தாக்கியது. அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர்களைத் தாக்கியது. கையூட்டையும் சலுகையையும் பெயர் சொல்லி எழுதியது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்றது. திவான் பி. இராஜகோபாலாச்சாரியார் சென்னையிற் பிறந்து ஆங்கில அரசின் பணியிலிருந்து வந்தவர். ஆகவே ஆசிரியரின் சினத்தில் ஊழலுக்கு எதிரான நியாயத்தோடு, வெளியார் என்னும் கசப்பும் கலந்திருந்தது. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அக்கசப்பின் சுவையை அறியாதவர்கள் அல்லர். எங்கே நியாயம் முடிந்து எங்கே கசப்பு தொடங்குகிறது என்று பிரித்துப் படித்தால்தான் இவருடைய எழுத்து விளங்கும்.

பிரித்துப் படிக்க வேண்டிய இன்னோரிடமும் உண்டு. அது கல்வியைப் பற்றியது. இன்றைய அதியன்னூர் ஊராட்சி ஒன்றியத்தில் அடங்கிய ஊர்களுள் ஒன்று வெங்ஙானூர். அங்கே 1863-இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர்க்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஏறிச் சென்றவர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் இறங்கமாட்டோம் என்று உழைப்பாளிகளைத் திரட்டியவர். அவருடைய போராட்டத்தின் பயனாய்ப் புலையர் குழந்தைகளை அரசாங்கப் பள்ளிகளில் சேர்க்க உத்தரவு பிறந்தது. 1910-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 'ஸ்வதேசாபிமானி' அவ்வுத்தரவை எதிர்த்துத் தலையங்கம் தீட்டியது. தலைமுறை தலைமுறையாய் அறிவை உழுதவர்களின் பிள்ளைகளையும் நிலத்தை உழுதவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்துவது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்திற் பூட்டுவது போலாம் என்பது அதன் கருத்து. அரசனுக்கும் அஞ்சாத பேனா, பக்கத்து ஊர்க் குழந்தைக்குப் பள்ளிப் பலகையில் ஓரிடம் தர மறுத்தது. அக்காலத்து வழக்கம் என்று சொல்லி இதை மூடிவிட இயலாது. அதே காலத்தில், அதே வட்டாரத்தில், அய்யன்காளி வேறு விதமாக எண்ணினார். ஆசிரியர் இடைவிடாது ஏசிய திவான் இராஜகோபாலாச்சாரியாரே பள்ளிச் சேர்க்கைக்கு ஆதரவாளராக நின்றார். 1911-இல் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜாசபையின் உறுப்பினராக அமர்ந்ததும் அந்தத் திவானின் காலத்தில்தான்.

அதற்கு ஓராண்டு முன்பே ஆசிரியரின் கதை முடிவை நெருங்கிவிட்டது. 1910-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், திங்கட்கிழமை, அரச கட்டளை வந்தது. பத்திரிகை நிறுத்தப்பட்டது. மௌலவியின் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. இராமகிருஷ்ண பிள்ளை கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். வழக்கில்லை, விசாரணையில்லை, சமஸ்தானத்தில் மன்னர் கட்டளைக்கு மேல் மன்று ஏது? அந்நாளில் திருவனந்தபுரத்திற்கு இரயில் கிடையாது. 1918-இல்தான் அது வந்தது. போலீஸார் அவரைத் தெற்கே ஆரல்வாய்மொழி எல்லைக்குக் கொண்டு சென்றனர். அப்பெருவழி நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் ஊடுருவிச் செல்வது. நாடு கடப்பதற்குமுன் அவர் தம் ஊரைக் கடக்க வேண்டியிருந்தது.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால் இருந்தது திருநெல்வேலிச் சீமை. நமக்குத் தாய்நாடு, அவருக்கு அதுவே பரதேசம். வெளியாருக்கு எதிராக எழுதியவர், வெளியாராகத் தமிழர் நடுவே வந்து இறங்கினார்.

இவ்விடத்தில் பாரதியாரை நினையாமல் இருக்க முடியாது. இராமகிருஷ்ணரைவிட நான்கு வயது இளையவர் பாரதியார். 1908-இல் 'இந்தியா' பத்திரிகைமீது ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தபோது, அவர் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குச் சென்று அங்கிருந்து எழுதினார். ஓர் ஆசிரியர் ஆங்கில ஆட்சியிலிருந்து தப்பி வெளியே சென்றார். மற்றவர் சுதேச மன்னரால் ஆங்கில ஆட்சிக்குள் தள்ளப்பட்டார். தலைமேல் இருப்பவர் வெள்ளையரானாலும் சொந்த நாட்டவரானாலும் பத்திரிகைக்காரனை எல்லைக்கு வெளியே வைப்பதில் வேற்றுமை தெரியவில்லை. 1908-இல் திருநெல்வேலியில் தண்டனை பெற்ற வ. உ. சிதம்பரனார் 1910 டிசம்பரில் கோயமுத்தூரிலிருந்து கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார் என்பதும் இங்கே நினைவிற்கு வருகிறது. மலையாளத்து ஆசிரியரைத் திருநெல்வேலிக்கு அனுப்பிய அதே ஆண்டு, திருநெல்வேலித் தலைவரை மலையாளக் கரைக்கு அனுப்பியது.

இராமகிருஷ்ணர் திருநெல்வேலியில் நிலைக்கவில்லை. சென்னை, பாலக்காடு, இறுதியில் கண்ணூர் என்று ஊர் மாறினார். உடல் நலிந்தது, கைப்பொருள் கரைந்தது. ஆயினும் அவருடைய நூல்கள் பல இந்த ஆறாண்டுகளில் எழுந்தவை. 1912-இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். இந்திய மொழிகளில் மார்க்ஸைப் பற்றி எழுந்த மிகப் பழைய நூல்களுள் அது ஒன்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து காந்தியடிகள் தாய்நாடு திரும்புமுன்பே அவருடைய வரலாற்றையும் எழுதினார்.

நம் கதைக்கு நெருங்கிய நூல் வேறு. அதே 1912-இல் வெளிவந்த 'விருத்தாந்த பத்திர பிரவர்த்தனம்' பத்திரிகைத் தொழிலைக் கற்பிப்பது; மலையாளத்தில் அத்துறைக்கு எழுந்த முதல் நூல். பத்திரிகைத் தொழிலைப் பாடமாகக் கற்பிக்கும் கல்லூரி எதுவும் அன்று கேரளத்தில் இல்லை. வகுப்பில் ஒரு கண்ணும் அச்சகத்தில் ஒரு கண்ணுமாய்த் தாமே தட்டுத் தடுமாறிக் கற்ற இளைஞர், நடத்தத் தமக்கொரு பத்திரிகையும் இல்லாத நாளில், பிறர் தடுமாறாமல் கற்கட்டும் என்று அதனை எழுதி வைத்தார்.

கண்ணூரில் கல்யாணி அம்மாளுக்குப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்ததால் குடும்பம் ஒருவாறு நின்றது. 1916-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் இராமகிருஷ்ண பிள்ளை அங்கே காலமானார். முப்பத்தெட்டு வயது நிறையவில்லை. திருவிதாங்கூர் மண்ணை அவர் மீண்டும் மிதிக்கவில்லை. கணவருடன் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளின் நினைவுகளைக் கல்யாணி அம்மாள் 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்னும் நூலாக அவ்வாண்டே வெளியிட்டார். வியாழக் கோள் இராசி மண்டலத்தை ஒருமுறை சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும் என்னும் கணக்கில் இட்ட பெயர் அது. 1957-இல் திருவனந்தபுரத்தில் இராமகிருஷ்ண பிள்ளைக்குச் சிலை நிறுவப்பட்டபோது கல்யாணி அம்மாள் உயிரோடு இருந்தார். கணவர் மறைந்து அன்றைக்கு நாற்பத்தோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.