உலை வைக்க முதல் எடுத்த ஒரு பிடி

கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள்.

போன சனிக்கிழமை மனைவியின் மாலையை மீட்கப் போகவில்லை, அடகைப் புதுப்பிக்கப் போனேன். 2022 ஜூன் மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு வைத்த மாலை. வட்டியை மட்டும் கட்டிவிட்டு, புதிய ரசீதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். வட்டி கூடாது என்று தெரிந்த வீட்டில் மூன்று வருடத்துக்கு மேலாக வட்டி கட்டுகிறோம். இதைப் பொதுவில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் இந்த ரசீது என்னுடைய பையில் மட்டும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து பழைய ரசீதுகளைத் தேடியபோது ஒரு கொப்பி கையில் பட்டது. 2022இல் நானும் மனைவியும் இருந்து எழுதிய பட்டியல். தலைப்பு: "நிறுத்த வேண்டியவை". பதினொரு விடயங்கள். கடைப் பார்சல், பக்கற் தின்பண்டம், இரண்டாவது டேட்டா காட், கென்டீன் ரோல்ஸ், தேவையில்லாத ஓட்டோ என்று ஒவ்வொன்றாக எழுதி, நிறுத்தியதற்கு அடையாளமாகப் பக்கத்தில் சரி போட்டிருந்தோம். பதினொன்றையும் உண்மையாகவே நிறுத்தினோம்.

இன்று அந்தப் பதினொன்றும் திரும்ப வந்துவிட்டன. மாலை மட்டும் வரவில்லை.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது ஒரு கேள்வி வந்தது. சிக்கனம் பழகுவது இந்த நாட்டுக்குப் புதிய விடயமில்லை. எண்பது வருடத்துக்குள் மூன்று தடவை முழு நாடும் வயிற்றைக் கட்டியது. மூன்று தடவையும் பழகியதை ஏன் மறந்தோம்? மறக்காதவர்கள் யாராவது இருந்தார்களா?

முதல் தடவை 1942. அந்த வருடம் மார்ச் மாதம் ரங்கூன் நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. குண்டைவிடப் பெரிய அடி அடுப்படியில் விழுந்தது. அந்தக் காலத்தில் நாம் சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்து, முக்கியமாக பர்மாவிலிருந்து வந்தது. அந்த வழி அடைபட்டது. அரிசி கூப்பனுக்கு வந்தது. ஊர் ஊராகச் சங்கக் கடைகள் திறந்தன. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது. காலையில் பாண் சாப்பிடும் பழக்கம் நாட்டில் பரவியதற்கு அந்த யுத்த காலமும் ஒரு பெரிய காரணம். "பாண் இல்லாமல் விடியாது" என்று இன்று சொல்கிறோம். அரிசி இல்லாததால் வந்த பழக்கம் அது.

யுத்தம் முடிந்த பிறகும் அரிசிக் கூப்பன் போகவில்லை. மலிவு அரிசி மக்களின் உரிமையாகிவிட்டது. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் கூட்டியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுக்க ஹர்த்தால் நடந்தது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஒரு கொத்து அரிசிக்கு அவ்வளவு பலம் இருந்தது.

இரண்டாவது தடவை 1970களின் முற்பாதி. சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமர், என்.எம். பெரேரா நிதி அமைச்சர். வெளிநாட்டு நாணயம் இல்லை. உலகச் சந்தையில் அரிசி, மா, சீனி எல்லாம் விலை ஏறியது. 1973இல் எண்ணெய் விலையும் ஏறியது. ரேஷன் வெட்டப்பட்டது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோக முடியாதபடி தெருவில் தடை போட்டுச் சோதித்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டல்களில் சோறு விற்கத் தடை. சுபஹுக்கு முன்னமே பாண் கியூவில் போய் நின்ற கதையை உங்கள் வாப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு அவித்துச் சாப்பிடாத வீடு இல்லை.

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கடைகளில் சாமான் நிறைந்தது. மரவள்ளியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும் ஒரு தலைமுறை உருவானது.

மூன்றாவது தடவை 2022. இதை நான் விவரிக்கத் தேவையில்லை, நாம் எல்லோரும் கியூவில் நின்றவர்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். பெற்றோலுக்கு கியூஆர். காஸ் இல்லாமல் விறகுக்குத் திரும்பினோம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விடயம் விளங்குகிறது. மூன்று தடவையும் நாம் குறைத்தது, சாமான் இல்லாததால் அல்லது காசு இல்லாததால். குறைத்தது எங்கேயும் போய்ச் சேரவில்லை. விலையேற்றம் அதை அப்படியே விழுங்கியது. அதனால் சாமான் திரும்பி வந்தவுடன் பழக்கமும் திரும்பி வந்தது. அதை நாம் சிக்கனம் என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது தட்டுப்பாடு.

அப்படியானால் அதே காலத்தில் எதையாவது சேர்த்து வைத்தவர்கள் யார்? இரண்டு உதாரணம் சொல்கிறேன். ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. மற்றது எங்கள் வீட்டில்.

1942இல் அரிசி இல்லாத அதே வருடம், ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் அவசரகால உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். அரசாங்கம் கொடுத்த வேலை உணவு உற்பத்தியைக் கூட்டுவது. காடு வெட்டி வயல் திறக்கும் அந்த வேலையை அவர் செய்தார். அதோடு நிற்கவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பில் எவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்பதைக் கண்டு, அதே வருடம் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை ஆரம்பித்தார். மூன்று வருடம் கழித்து, 1945இல், கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானபோது அதற்கும் அவரே முன்னின்றார். காசில்லை என்பதற்காகக் கெட்டிக்காரப் பிள்ளை படிப்பை நிறுத்தக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

காலத்தைக் கவனியுங்கள். கூப்பன் அரிசி சாப்பிட்ட ஒரு சமூகத்திடம்தான் அவர் காசு கேட்டார். "நிலைமை சரியாகட்டும், பிறகு பார்ப்போம்" என்று அவர் காத்திருக்கவில்லை.

இரண்டாவது உதாரணம் எங்கள் உம்மம்மா. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். 1973இல் வீட்டில் ஏழு பேர். மூத்தவாப்பாவுக்கு வயலில் கூலி வேலை, அதுவும் போகத்துக்குப் போகம். அந்தக் காலத்தில் அடுப்படி மூலையில் ஒரு மண்முட்டி இருந்தது. சோற்றுக்கு அரிசி அளந்து எடுத்ததும், கழுவ முதல், ஒரு பிடி அள்ளி அந்த முட்டிக்குள் போடுவார். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மரவள்ளி அவிக்கும் நாளில் அந்தப் பிடி இல்லை. சோறு ஆக்கும் நாளில் தவறாது.

முட்டி நிறைந்ததும் பக்கத்து வளவில் அப்பம் சுட்டு விற்ற பெண்ணுக்குக் கொடுத்துக் காசாக்குவார். முதலில் பள்ளிவாசலுக்கு ஒரு பங்கு. மிச்சம் சீலைத் துண்டில் முடிந்து பெட்டகத்துக்குள். அந்தக் காசுக்கு ஆரம்பத்திலேயே பெயர் இருந்தது: "மெசின் காசு". நாலு வருடம் கழித்து அதில் ஒரு பழைய தையல் மெசின் வாங்கினார்.

அந்த மெசினில் தைக்கப் பழகியவர் என் உம்மா. வாப்பா மௌத்தான பிறகு அந்த மெசின்தான் எங்களைப் பார்த்தது. நான் கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்தபோது மாதாமாதம் கைக்கு வந்த காசு, பெருநாள் சட்டை தைத்த காசு. இன்று நான் வகுப்பில் நிற்பதற்கு 1973இல் சாப்பிடாமல் விட்ட அந்தப் பிடியும் ஒரு காரணம்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உம்மம்மாவிடம் ஒருதரம் கேட்டேன், "சாப்பிட்டு மிஞ்சினதை எடுத்து வச்சிருக்கலாமே?" என்று. அவர் சிரித்தார். "மிஞ்சட்டும் எண்டு இருந்தா ஒருநாளும் மிஞ்சாது மனே. உலை வைக்க முதல் எடுக்கணும்."

எனக்கு விடை அதில்தான் கிடைத்தது. நாங்கள் 2022இல் பதினொரு செலவை நிறுத்தினோம். ஆனால் நிறுத்திய காசை எடுத்து வைக்கவில்லை. அதற்குப் பெயர் வைக்கவில்லை. முட்டி இல்லாமல் பிடியை மட்டும் குறைத்தோம்.

சும்மா பேச்சாக இருக்கக் கூடாது என்று, போன மாதம் முழுக்கச் செலவை எழுதிப் பார்த்தேன். வீட்டுச் சாமான், கரண்ட் பில், மருந்து, பிள்ளைகளின் பால், முட்டை இவற்றைத் தொடவில்லை. ஸதகாவையும் தொடவில்லை. "இல்லாவிட்டாலும் நடந்திருக்கும்" என்ற செலவுகள் மட்டும்:

கென்டீனில் தேத்தண்ணியும் ரோல்ஸும், 22 நாள்: 3,960 ரூபா.
வீட்டில் வைஃபை இருக்கும்போதே போட்ட டேட்டா காட்: 1,800 ரூபா.
நாலு இரவு கொத்துரொட்டி, ரைஸ் பார்சல்: 9,600 ரூபா.
பிள்ளைகளுக்குப் பக்கற் தின்பண்டம்: 2,850 ரூபா.

மொத்தம் 18,210 ரூபா. ஒரு ஆசிரியரின் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை. ஒவ்வொன்றாகச் செலவாகும்போது ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் வெட்டப் போவதில்லை. 2022இல் அப்படி வெட்டித்தான் பிள்ளைகளின் முகம் வாடியது, பிறகு எல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது. பாதியைக் குறைத்தால் மாதம் 9,100 ரூபா. பதினொரு மாதத்தில் 100,100. மாலையின் முதல் ஒரு லட்சம். அடகில் முதலைப் பகுதி பகுதியாகக் கட்டலாம், கட்டக் கட்ட வட்டியும் குறையும். மூன்று வருடமாக வட்டி கட்டிய எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஏனென்றால் மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று இருந்தேன். ஒருநாளும் மிஞ்சவில்லை.

இந்த மாதம் சம்பளம் வந்த அன்றே, வேறு எதுவும் வாங்க முதல், 9,100 ரூபாவைக் கொண்டுபோய் முதலுக்குக் கட்டிவிட்டேன். மனைவி கொப்பியில் புதிய பக்கம் திறந்தார். இந்தத் தடவை தலைப்பு "நிறுத்த வேண்டியவை" இல்லை. "மாலைக் காசு" என்று எழுதினார். இனி பதினொரு கோடு. ஒன்றுக்குச் சரி போட்டாயிற்று.

அதோடு ஒரு சின்ன வேலையும் செய்தோம். என் மனைவியின் கைப்பிடி அரிசியைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 40 கிராம். நாளைக்கு இரண்டு பிடி என்றால் மாதம் 2.4 கிலோ, வருடத்துக்கு 28.8 கிலோ. கிலோ 230 ரூபா என்றால் 6,624 ரூபா. இந்தக் காலத்தில் இது பெரிய தொகை இல்லை. ஆனால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் வருடத்துக் கொப்பிகளுக்கும் சப்பாத்துக்கும் பெரும்பாலும் போதும். எங்கள் ஊரில் நூறு வீடு இதைச் செய்தால் 662,400 ரூபா. பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியும் விடுதிக் காசுக்காகத் தயங்கி நிற்கும் பிள்ளைகள் எங்கள் பாடசாலையிலேயே இருந்தார்கள். அஸீஸ் அவர்கள் 1945இல் கேட்டது இந்தக் காசைத்தான்.

நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. என் பையில் இன்னும் ரசீது இருக்கிறது. ஒரு உதவி மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பிடியரிசி முட்டி இருந்ததா? உம்மம்மா, மூத்தம்மா உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். அந்தக் காசுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள், அதில் கடைசியில் என்ன வாங்கினார்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் ஹர்த்தால் இருக்கிறது, கூப்பன் இருக்கிறது. இந்த முட்டி இல்லை. அடுத்த தவணை அதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.